கிணற்று நீரின் உப்பும் இணையக் கருவிகளும்

பாலாற்றுப் படுகையில் நிலம் வைத்துப் பயிர் செய்வோருக்குக் கிணற்று நீர் எப்போது கரிக்கும், எப்போது தணியும் என்பதே வருஷம் முழுவதும் உள்ள கவலையாகும். சில காலமாக நம் கிராமங்களுக்கு வியாபாரிகள் சிலர் வந்து, கிணற்றிலும் வயலிலும் பொருத்திவிட்டால் நீரின் உப்பையும் மண்ணின் ஈரத்தையும் இணையத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே அறியலாம் என்று சொல்லிக் கருவிகளை விற்று வருகின்றனர். இவற்றை வாங்கலாமா, கூடாதா என்று குடியானவர்கள் பலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூறுமுன், இக்கருவிகள் எங்கே பிறந்தன, எவ்விதம் வேலை செய்கின்றன, முன்னர் இத்தகைய முயற்சிகள் நம் நாட்டுக் கிராமங்களில் என்ன ஆயின என்பவற்றைத் தெரிந்துகொள்வது நலம்.

இணையம் என்பது வியாபாரிகள் கண்டுபிடித்த பொருளன்று, சர்வகலாசாலைகளில் பிறந்தது. 1969-ம் வருஷம் அக்டோபர் 29-ம் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் சேதி அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்று, முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தவுடன் யந்திரம் நின்றுவிட்டது. அந்த அரைகுறைச் சேதியே இன்றைய இணையத்தின் விதையாகும். இதன் தத்துவம் எளியது. நூறு மூட்டை வெல்லத்தை ஒரே லாரியில் ஏற்றினால் வழியில் லாரி கெட்டால் எல்லாம் நின்றுபோம். அதையே இருபது வண்டிகளில் ஏற்றி, மூட்டைக்கு மூட்டை எண்ணிட்டு, எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியே போகச் சொன்னால், மண்டியில் எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கிவிடலாம். வராத மூட்டையை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லலாம். இணையத்திலும் சேதி இவ்விதமே சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போய், சேருமிடத்தில் ஒன்றுகூடுகிறது.

கம்பியில்லாமல் இவ்வேலையைச் செய்யும் வழியை 1971-ம் வருஷம் ஹவாய் சர்வகலாசாலை காட்டியது. கடலால் பிரிந்த தீவுகளிலுள்ள யந்திரங்கள் யாவும் ஒரே ரேடியோ அலையில் பேசின. இரண்டு யந்திரங்கள் ஒரே சமயத்தில் பேசிச் சேதி குழம்பினால், ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவு பொறுத்திருந்து மறுபடி சொல்லும். ஊர்க் கூட்டத்தில் இருவர் ஒருங்கே வாய் திறந்தால் இருவரும் நிறுத்தி, ஒருவர் முந்திக்கொள்வதைப் போன்றது இது. இந்த முறையை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். இப்போது வயலில் பொருத்தப்படும் சிறு கருவிகளில் பலவும் இதே மாதிரிதான் பேசுகின்றன. ஆகையால் ஒரு வட்டாரத்தில் கருவிகள் மிகுந்தால், சேதிகள் ஒன்றோடொன்று மோதிச் சில தொலைந்து போதலும் உண்டு.

நம் நாட்டில் 1986-ல் ஐ.ஐ.டி.க்களையும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தையும் இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலை தொடங்கிற்று. பொது ஜனங்களுக்கு இணையம் கிடைத்தது 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதிக்குப் பின்னரே. அப்போது நகரங்களுக்கு மட்டுமே அது எட்டியது. கிராமத்துக்குக் கம்பி இழுக்கும் செலவு சாமானியமானதன்று. இந்தத் தடையை நீக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலானோர் அடங்கிய டெனெட் குழுவினர் ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லா முறையை அமைத்தனர். தாலுகாத் தலைநகரில் ஒரு கோபுரம்; அதிலிருந்து இடைமறிப்பில்லாத திக்கில் 10 கிலோமீட்டர் வரையிலும், நடுவே ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரையிலும் பேச்சும் இணையமும் ஒருங்கே எட்டின. இன்றைய வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஆமை நடைதான். ஆயினும், விவசாயி ஒருவர் தம் வெண்டைச் செடியின் படத்தை அனுப்பி யோசனை கேட்க அது போதுமாயிருந்தது.

இது வெறும் உதாரணமன்று. மதுரை ஜில்லா மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 2001-ல் இம்முறையைக் கொண்டு இணைய நிலையங்கள் ஏற்பட்டன, சென்னை ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டு சர்வகலாசாலையும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. நோய் கண்ட வெண்டையின் படம் மதுரை விவசாயக் கல்லூரிக்குப் போய், நிபுணர்களின் யோசனை கிராமத்துக்குத் திரும்பி வந்து, பயிர் தப்பியது. இவ்வளவு நன்மை விளைந்தும், சில வருஷங்களுக்குள் அந்நிலையங்களுள் பல மூடப்பட்டன. காரணம் யந்திரக் கோளாறு மட்டுமன்று. நிலையம் நடத்தியவருக்கு மாத வருமானம் கட்டவில்லை. பழுது பார்க்க ஆள் வர நாட்கள் ஆயின. தொடக்கத்தில் ஊக்கத்தோடு பதிலளித்த அலுவலகங்களில் அதிகாரிகள் மாறியபின் பதில் தாமதமாயிற்று. கருவி நல்லதாயிருந்தும் கருவிக்குப் பின்னாலுள்ள மனிதர் விலகிவிட்டால் அது பெட்டிக்குள் பூட்டிய பொருளாகிவிடும். புதிதாக எதை வாங்குபவரும் மேலூரை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மாறான அனுபவம் புதுச்சேரியில் கிடைத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எல்லா ஜாதியாரும் தடையின்றி நுழையக்கூடிய பொது இடத்தை ஊரார் கொடுத்தால்தான் மையம் வைக்கப்படும் என்பது அங்கே நிபந்தனை. நடத்தியவர்களுள் பலர் கிராமத்துப் பெண்கள். மின்சாரம் நின்றால் சூரிய ஒளித் தகடுகள் உதவின. தொலைபேசிக் கம்பி இல்லாத ஊர்களுக்கு இருவழி ரேடியோ மூலம் சேதி போயிற்று. கடலோரத்து வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணக்கை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில், நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கி, ஊரார் உயிர் தப்பினர். அங்கே உயிர் காத்தது வேகமான வலையன்று. சேதியை வாங்கி உடனே ஊருக்குச் சொல்ல ஒரு பெட்டியும் ஒரு மனிதரும் தயாராயிருந்ததே.

தேனியில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்குள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் சுற்றுக் கிராமங்களின் சிறு கண் நிலையங்களுக்கும் 2006-ம் வருஷத்தை ஒட்டிக் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார் ஒரு வலை அமைத்தனர். வீட்டுக்குள் சில அடி தூரம் எட்டுவதற்கென்று செய்த மலிவான வைஃபை சாதனத்தையே எடுத்து, அதன் பேசும் ஒழுங்கை மாற்றி, பல கிலோமீட்டர் தூரம் எட்டும்படி செய்தனர். நோயாளி கிராமத்தில் இருக்க, டாக்டர் தேனியிலிருந்து அவர் கண்ணைப் பார்த்தார்.

இப்போது ஆராய்ச்சிக் கூடங்களில் நடப்பவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு மூன்று உள்ளன. முதலாவது, ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லா முறையைக் கிராமத்துக்கு ஏற்றதாக்கும் வேலை. மேல்நாட்டார் வகுத்த கணக்கில் கிராமப்புறக் கோபுரங்களுக்கிடையே 1,732 மீட்டர் தூரமே கொள்ளப்பட்டது. அத்தனை நெருக்கமாகக் கோபுரம் நட நம் நாட்டில் யாரால் முடியும்? ஐ.ஐ.டி.க்களைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வாதாடியதன் பேரில், 2017-ல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 6 கிலோமீட்டர் இடைவெளியையும் ஒரு பரிசோதனை அளவாக ஏற்றது. இதிலுள்ள சிரமத்தைக் குடியானவர்கள் எளிதில் உணர்வர். களத்துமேட்டில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டால் வயல் கோடியிலுள்ள ஆளுக்குக் கேட்கும். அவன் வாயால் சொல்லும் பதில் நமக்குக் கேளாது. கோபுரம் பல வாட் பலத்தில் பேசும். கைபேசியோ ஏறக்குறைய 0.2 வாட் பலத்தில்தான் பேசும். கைபேசியின் சிறு பலம் வீணாகாமல் முழுவதும் அலையாக வெளிப்படும்படி அலையின் உருவத்தைத் திருத்துவதே சென்னை, ஹைதராபாத் ஐ.ஐ.டி.க்களில் நடந்த வேலையின் சாரம். சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிலையங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அமைத்த ஐந்தாம் தலைமுறைப் பரிசோதனைக் களம் 2022-ம் வருஷம் மே 17-ம் தேதி திறக்கப்பட்டது.

இரண்டாவதே வியாபாரிகள் நம்மிடம் கொண்டுவரும் கருவிகளின் உயிர்நாடி. இதற்கு ‘லோரா’ என்று பெயர். பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரில் 2009-ல் ஒரு சிறு கம்பெனி தொடங்கிய முறை. இது சர்வகலாசாலையில் பிறந்ததன்று. எனினும் உலகத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இதை வைத்தே ஆராய்ச்சி நடக்கிறது. நாகசுரக்காரர் ஒரு சுரத்தைக் கீழிருந்து மேலே வழுக்கி இழுப்பதைப் போல, இதன் அலை தாழ்ந்த அதிர்விலிருந்து உயர்ந்த அதிர்வுக்கு ஏறுகிறது. கேட்கும் கருவிக்கு அந்த இழுப்பின் உருவம் முன்னமே தெரியுமாதலால், இரைச்சலின் நடுவே மெலிந்து வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆகையால் மிகச் சிறிய பலத்தில் வெகு தூரம் எட்டுகிறது. சிறு மின்கலம் சில வருஷங்கள் தாங்குகிறது. நம் தேசத்தில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை, விதித்த பலத்துக்குள், தனி லைசென்சு இன்றி உபயோகிக்கலாம். ஆனால் இதில் படம் அனுப்ப இயலாது. ‘உப்பு இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு’ என்பன போன்ற சிற்றெண்களுக்கே இது பொருந்தும். திறந்த வெளியில் 10 கிலோமீட்டர் எட்டும் என்று விற்பவர் சொன்னால், ஜவ்வாது மலைச் சரிவும் ஆற்றோரத் தென்னந்தோப்பும் திறந்த வெளியல்ல என்று பதில் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த மட்டைகள் அலையை விழுங்கும்.

மூன்றாவது இன்னும் விலைக்கு வரும் நிலையை அடையவில்லை, ஆயினும் வியப்பானது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஷ்யாம் கொல்லகோட்டா அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆராய்ந்து, மின்கலமே இல்லாமல் சேதி அனுப்பும் வழியை 2013-ல் தம் கூட்டாளிகளோடு வெளியிட்டார். வரப்பில் நிற்கும் சிறுவன் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அடித்து அடுத்த வயலுக்குச் சைகை காட்டுகிறானல்லவா? அவன் வெளிச்சத்தை உண்டாக்கவில்லை, இருப்பதைத் திருப்புகிறான். அதுபோல, வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றின் அலைகள் எங்கும் நிறைந்திருப்பதால், அவற்றைத் திருப்பியும் திருப்பாமலும் காட்டிச் சேதி சொல்கிறது இக்கருவி. 2022-ல் அதே சர்வகலாசாலையார், எருக்கம் பஞ்சு பறப்பதைப் போலக் காற்றில் பறந்து நிலத்தில் விழும் 30 மில்லிகிராம் எடையுள்ள உணர்கருவியைச் செய்து காட்டினர். நம் தாலுகாவில் இதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இனி நம் கிணறுகளுக்கு வருவோம். தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு, பதனிடும் சாலையில் கழுவப்பட்டு, பல்லாண்டுக் காலம் வாய்க்காலிலும் ஆற்று மணலிலும் இறங்கிற்று. வேலூரிலுள்ள தமிழ்நாடு விவசாயச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கின்படி, தோல் சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்பது 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பிலேயே காணப்படுகிறது. 2025-ம் வருஷம் ஜனவரி 30-ம் தேதி அதே கோர்ட்டார் மறுபடியும் இந்த ஜில்லாவின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, இழப்பீடு பெறாதவர்களுக்கு அதைக் கொடுக்கவும் மேற்பார்வைக் குழு அமைக்கவும் உத்தரவிட்டனர். தோல் சாலைகள் உட்பட மாசு மிகுந்த பதினேழு வகைத் தொழில்களில் கழிவு நீரை இடைவிடாது அளந்து இணையத்தில் அனுப்பும் கருவி வைக்கவேண்டுமென்று 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. நல்லதே. ஆனால் அக்கருவி ஆலை வாயிலில் ஓடும் நீரை அளக்குமேயன்றி, நம் தந்தையர் காலத்திலேயே நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பை அளக்காது. அதை அளக்க வேண்டியவர் கிணற்றுக்குச் சொந்தக்காரரே.

நீரில் உப்பு மிகுந்தால் அதன் வழியே மின்சாரம் எளிதில் பாயும். மண், நீர்ப் பரிசோதனைச் சீட்டில் ‘இ.சி.’ என்று போடுவது இந்த மின்கடத்தும் திறனையே. மீட்டருக்கு 0.7 டெசிசீமன் வரை எந்தப் பயிருக்கும் தோஷமில்லை. 3-க்கு மேற்பட்டால் கடுமையானது. இடையிலுள்ள நீரில்தான் நம் யுக்தி பயன்படும். பாசனம் போதிய அளவும் வடிகாலும் உள்ள நிலத்தில், மகசூல் குறையாமல் தாங்கும் நீரின் எல்லை பீன்ஸுக்கு 0.7, கரும்புக்கு 1.1, நெல்லுக்கு 2.0, நிலக்கடலைக்கு 2.1, சோளத்துக்கு 4.5, பருத்திக்கு 5.1 என்று உலக உணவு விவசாய ஸ்தாபனத்தார் கணித்துள்ளனர். நெல்லும் எப்போதும் ஒரேவிதமாகத் தாங்குவதில்லை. இளநாற்றிலும் கதிர் வரும் காலத்திலும் அதற்கு உப்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் கிணறு தணியும், சித்திரையில் ஏறும், ஒரே நாளில் நெடுநேரம் இறைத்தாலும் ஊற்று நீர் கரிப்பதுண்டு. இடைவிடாது அளக்கும் கருவியின் பிரயோஜனம் இங்கேதான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் இறைத்தபின் உப்பு ஏறுகிறது என்று தெரிந்தால், அதற்குமுன் மோட்டாரை நிறுத்தி, ஊற்று தெளிய விடலாம்; ஏரி நீர் உள்ளபோது கலந்து பாய்ச்சலாம்.

ஆனால் குறைகளும் உண்டு. கருவியின் முனையில் சுண்ணம் படிந்தால் அளவு குறைத்துக் காட்டும். மாதம் ஒரு முறையாவது கழுவி, 1413 மைக்ரோசீமன் என்று குறிக்கப்பட்ட அளவுக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நீரின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அளவும் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறும். உஷ்ணத்தைத் தானே கழித்துக் காட்டாத கருவியில் காலை அளவையும் நடுப்பகல் அளவையும் ஒப்பிடுவது பிசகு. உப்பின் மொத்த அளவைத்தான் இது சொல்லும். சோடியம் எவ்வளவு, குரோமியம் உண்டா என்பவற்றைச் சொல்லாது. அதற்குப் பரிசோதனைச் சாலைக்கே போகவேண்டும். முக்கியமாக, இது நோயைக் காட்டும் கருவியேயன்றி மருந்தன்று.

ஆம்பூருக்குச் சமீபத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் இத்தகைய கருவியொன்றை வாங்கினார். முதல் வருஷம் தினந்தோறும் கைபேசியில் அளவு வந்தது. இரண்டாம் வருஷம் நின்றுவிட்டது. பழுதென்று எண்ணி நான் போய்ப் பார்த்தபோது கருவி நன்றாகவே இருந்தது. விற்றவருக்கு வருஷச் சந்தா கட்டவில்லை என்பதால் அளவுகள் அவருடைய யந்திரத்திலேயே அடைபட்டுவிட்டன. முதல் வருஷத்துக் கணக்கும் கைக்குக் கிட்டவில்லை. கிணறு நம்முடையது, கருவி நம்முடையது, கணக்கு மட்டும் பிறருடையது! வாங்குமுன், அளவுகளை நாமே இறக்கிக் காகிதத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா, சந்தா எவ்வளவு, விற்றவர் தொழிலை விட்டாலும் கருவி வேறு வலையோடு பேசுமா, பழுது பார்க்க எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தனியாக ஒருவர் வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. உயரமான ஒரு கட்டடத்தின்மேல் சேதி வாங்கும் பெட்டி ஒன்று வைத்தால், அதைச் சுற்றியுள்ள பல கிணறுகளுக்கும் அதுவே போதும், செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். உழவர் குழுவோ பஞ்சாயத்தோ முன்வந்தால் நலம். பெட்டிக்கு இணையம் வேண்டும்; கைபேசி அலை வலுவற்ற ஊர்களில், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வரும் பாரத்நெட் கண்ணாடி இழைக் கம்பியையே இதற்கு உபயோகிக்க வழியுண்டா என்று பஞ்சாயத்தார் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள கையளவு உப்புமானி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கலாம். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டபின் வரும் நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, காலை வேளையில், வாரம் ஒரு முறை அளந்து, தேதி, கிணற்றின் சர்வே எண், நீர்மட்டத்தின் ஆழம், இ.சி., அன்று நிற்கும் பயிர் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் மாதம் ஒரு முறை அதைப் பார்த்துக் கையொப்பமிட்டால் நன்று. இழப்பீடு கேட்போர் பலர், எந்த வருஷம் கிணறு கெட்டது என்று கேட்டால் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் காட்ட இயலாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

2019-ல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியார் திருப்பத்தூர் அலுவலகத்தையும், வாலாஜா, ஆற்காடு பகுதியார் ராணிப்பேட்டை அலுவலகத்தையும் அணுக வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதியார் வேலூருக்கே வரலாம்; விரிஞ்சிபுரம் விவசாய விஞ்ஞான நிலையத்தையும் யோசனை கேட்கலாம். முதல் அளவை ஆடி மாதத்திலேயே எடுத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் தை மாதத்துக்குள் நோட்டில் ஏறிவிடும். நவரைக்கு நாற்று விடுவதா, வேறு பயிர் வைப்பதா என்பதை அந்த நோட்டைக் கொண்டே முடிவு செய்யலாம்.